டிவி கேம் மேல் விழுந்த பழி

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டிவி கேம் கேசட்டை எடுத்து, அதன் வாயில் உஃப் என்று ஊதி, பெட்டியில் செருகி, படம் வராவிட்டால் மறுபடி உருவி ஊதியவர்கள் நாம். ஊதினால் ஏன் வேலை செய்கிறது என்று யாரும் கேட்டதில்லை. என் மகளிடம் சொன்னபோது, "எச்சில் பட்டு துருதான் புடிச்சிருக்கும். நீங்களே கெடுத்துட்டு நீங்களே ஊதியிருக்கீங்க" என்றாள்.

மகள் ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளியில் ஒரு புராஜெக்ட். விளம்பரங்களும் பத்திரிகைகளும் வீடியோ கேம்களும் மாணவர்களை என்ன செய்கின்றன என்று எழுதிக்கொண்டு போக வேண்டும். வீட்டில் பெரியவர் ஒருவரைப் பேட்டி எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"மா, உன் காலத்துல புக்ல என்ன விளம்பரம் வரும்? கேம் எல்லாம் உண்டா? பொய் சொல்லாம சொல்லு."

கேசட் கதையைச் சொன்னேன். சிரித்தாள். அடுத்து, "யாரோட வெளையாடுவ?" என்று கேட்டாள். "தம்பியோட" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ இருப்பதுபோல எழுந்து போய்விட்டேன். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

அன்று அவளிடம் சொல்ல முடியாமல் போனதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். ஏன் இப்போது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம் மகள் சோபாவில் படுத்து போனில் கேம் ஆடிக்கொண்டிருந்தாள். போன் தரையில் விழும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அவள் கழுத்து ஒரு பக்கமாக இழுத்திருந்தது. கை வெட்டி வெட்டி இழுத்தது. கண் எங்கேயோ இருந்தது. நான் கத்தவில்லை. அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். அது எனக்கு எப்படித் தெரியும் என்று என் கணவர் அப்போது கேட்கவில்லை.

நரம்பு டாக்டரிடம் போனோம். ஊரிலிருந்து அம்மாவும் வந்திருந்தாள். டாக்டர், "குடும்பத்துல வேற யாருக்காவது வலிப்பு இருந்திருக்கா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். "எங்க வம்சத்துலயே கெடையாதுங்க டாக்டர். எந்நேரமும் போனும் கையுமா கீது பொண்ணு. கேம் ஆடி ஆடி வந்ததுங்க." டாக்டர் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"போனால மட்டும்தான்னு சொல்ல முடியாதும்மா. சிலருக்கு வெளிச்சம் மின்னினா தூண்டும், அவ்வளவுதான். மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க" என்று சொல்லி அனுப்பினார்.

மாத்திரை ஆரம்பித்தோம். போனைப் பிடுங்கிவிட்டோம். அதற்குப் பிறகு வரவில்லை. ஆனால் மகள் வகுப்பில் தூங்கி வழிகிறாள் என்று பள்ளியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள். அன்றைக்கு என் கணவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "போன புடுங்கினோம், நின்னுபோச்சு. இன்னும் எதுக்கு மாத்திரை? இந்த அட்டையோட நிறுத்திடலாம்."

இதே வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். அது எங்கே போய் முடிந்தது என்பதையும் பார்த்திருக்கிறேன்.

*

இருங்காட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். கார் கம்பெனி வந்த புதிது. அப்பா மாட்டுக்கொட்டகையை இடித்துவிட்டு அந்த இடத்தில் வரிசையாக ஆஸ்பெஸ்டாஸ் ரூம்கள் கட்டினார். சிமெண்ட் பூசிய பிறகும் மழை பெய்தால் உள்ளே சாணி வாசனை வரும். தெற்கேயிருந்து வந்த பையன்கள் ஒரு ரூமுக்கு நான்கைந்து பேராகத் தங்கினார்கள். ஷிப்டுக்கு ஷிப்ட் அதே பாயில் ஆள் மாறுவார்கள். பாயில் சூடு ஆறுவதே இல்லை என்று அம்மா சொல்வாள்.

அதில் ஒருவரை நாங்கள் திருநெல்வேலி அண்ணன் என்று கூப்பிட்டோம். அவர் ஊர் திருநெல்வேலியே இல்லை. அங்கே இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்து, அலுத்துப்போய் அந்தப் பேரையே ஏற்றுக்கொண்டார். பெயிண்ட் பிரிவில் வேலை. காது மடலின் பின்பக்கம் எப்போதும் வெள்ளிப் பொடி ஒட்டியிருக்கும். அவரிடம் ஒரு கறுப்பு வெள்ளை போர்ட்டபிள் டிவி இருந்தது. பாரிமுனைக்குப் போய் வாங்கி வந்த டிவி கேம் ஒன்றும் இருந்தது. இரண்டு ரிமோட், ஆரஞ்சு நிறத்தில் ஒரு துப்பாக்கி.

என் தம்பி அப்போது நாலாவது படித்தான். நான் ஏழாவது. பள்ளிவிட்டு வந்ததும் புத்தகப் பையை வாசலிலேயே போட்டுவிட்டு அந்த ரூமுக்கு ஓடிவிடுவான். அண்ணனுக்கு மாலையில் வேலை இருந்தால் சாவியைக் கூரைச் சந்தில் வைத்துவிட்டுப் போவார். கேசட்டின் மேல் லட்சக்கணக்கான கேம்கள் என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருந்தது பத்துப் பன்னிரண்டுதான். டாங்கி, பைக், வாத்து சுடுவது. அதே கேம் வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். தம்பிதான் அதைக் கண்டுபிடித்தான்.

"அண்ணே, ஏமாத்திக்கிறான்ணே. இதுவும் அந்த டாங்கிதான். கலர மட்டும் மாத்திக்கிறான்."

"நம்ம டிவில ஏதுல கலரு? எல்லாம் கறுப்பு வெள்ளதான. பேசாம ஆடுல."

தம்பி யோசித்துவிட்டு, "அப்ப டபுளா ஏமாத்திக்கிறான்" என்றான். ரூம் முழுக்கச் சிரித்தது. அவனுக்கு எப்போதும் அப்படித்தான் ஏதாவது ஒரு பதில் இருக்கும்.

வாரப் பத்திரிகையும் அண்ணனிடமிருந்துதான் வரும். பஸ் நிறுத்தத்தில் வாங்கி, பாயில் படுத்துக் கதைகளைப் படித்துவிட்டு எங்களுக்குக் கொடுப்பார். ஷாம்பு விளம்பரப் பக்கத்தில் ஒட்டியிருந்த பாக்கெட்டை அதற்கு முன்பே கிழித்திருப்பார். பக்கத்தில் கோந்துத் தடம் மட்டும் இருக்கும். நான் அதை முகர்ந்து பார்ப்பேன். நானும் தம்பியும் அந்தப் பத்திரிகைகளை வைத்து ஒரு விளையாட்டு விளையாடுவோம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கத்தைத் திறக்க வேண்டும். படத்தில் இருக்கும் தலைகளை எண்ண வேண்டும். அதிகத் தலை கிடைத்தவருக்கு வெற்றி. ஜவுளிக்கடை விளம்பரம் வந்தால் அதிர்ஷ்டம், ஒரே பக்கத்தில் ஒரு குடும்பமே நிற்கும். வைத்திய விளம்பரம் வந்தால் ஒரே ஒரு தலைதான், தாடியோடு. தம்பி அதை அவுட் என்பான்.

அப்பா பத்திரிகையைப் பின்னாலிருந்து படிப்பவர். எங்கள் பக்கத்து மனை விளம்பரங்கள் அப்போது நிறைய வர ஆரம்பித்திருந்தன. சென்னைக்கு மிக அருகில் என்று போட்டு, எங்கள் ஏரியின் வாய்க்கால் ஓரத்தை நீச்சல் குளத்தோடும் தென்னை மரங்களோடும் வரைந்திருப்பார்கள். அப்பா அதைக் காட்டிக் காட்டிச் சிரிப்பார். "மழ பேஞ்சா இடுப்பளவு தண்ணி நிக்கிற எடம்டி இது. இன்னாமா ரீல் வுட்றான் பாரு! நீச்சல் கொளமாம், தனியா வேற கட்றானாம்."

அந்த நிலம் அவருக்குத் தெரியும். அதனால் அந்த விளம்பரத்தை நம்பவில்லை. தெரியாத விஷயத்தில் வந்த விளம்பரத்தை நம்பினார். இதை இவ்வளவு சுலபமாக எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

*

அது ஒரு ஞாயிறு. அண்ணனும் தம்பியும் வாத்து சுட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்து தலை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த விளையாட்டில் ஒவ்வொரு முறை சுடும்போதும் திரை ஒரு கணம் வெள்ளையாகி மறையும். தம்பி சுட்டான், திரை வெளுத்தது. மறுபடி சுட்டான். பிறகு சுடுவது நின்றது. துப்பாக்கி பிடித்த கை மட்டும் ஏறி ஏறி இறங்கியது. ஏதோ குறும்பு செய்கிறான் என்று நினைத்தேன். அப்படியே சாய்ந்தான்.

"ஏல! ஏல, தம்பி! யக்கா, ஓடி வாங்க!"

அண்ணன் டிவியைக் காலால் தள்ளிவிட்டு அவனைப் பிடித்துக்கொண்டார். அப்பா தோட்டத்திலிருந்து ஓடி வந்தார். யாரோ இரும்பு, இரும்பு என்று கத்தினார்கள். அப்பா அண்ணனின் பையைக் கொட்டி ஒரு ஸ்பேனரை எடுத்துத் தம்பியின் கையில் திணித்தார். அது விரல்களுக்குள் நிற்காமல் தரையில் விழுந்து விழுந்து ஓசையிட்டது. இழுப்பு தானாக நின்றது. ஸ்பேனரால் நின்றது என்றுதான் அன்றைக்கு எல்லாரும் சொன்னார்கள். தம்பி தூக்கத்திலிருந்து எழுந்தவன்போல என்னைப் பார்த்து, "யாரு ஜெயிச்சது?" என்று கேட்டான்.

ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு அண்ணன்தான் ஆட்டோ பிடித்துக்கொண்டு போனார். அங்கிருந்து சென்னைக்கு எழுதிக்கொடுத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் தலையில் ஒயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு, வலிப்பு நோய், பயப்பட வேண்டாம், தினமும் மாத்திரை சாப்பிட்டால் எல்லாரையும்போல இருப்பான், நடுவில் நிறுத்தக் கூடாது என்றார்கள். அம்மா மாத்திரைகளைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள், யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் தெருவே நின்றுகொண்டிருந்தது.

"இன்னா ஆச்சு, பையனுக்கு இன்னா ஆச்சு? காக்கா வலிப்பா?"

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அய்ய, வாயக் கழுவு! அதெல்லாம் ஒண்ணும் இல்ல. டிவி கேம் ஆடிக்கினு இருந்தான், ஷாக் அடிச்சிக்கிச்சு."

பின்னால் மருந்துப் பையோடு வந்த அண்ணன் திகைத்துவிட்டார். வீட்டுக்குள் வந்ததும் மெல்லக் கேட்டார். "யக்கா, ஷாக்குலாம் அடிக்கலியே. நானும் தான கையில வச்சிருந்தேன். டாக்டர் தெளிவாச் சொன்னாருல்லா?"

அம்மா கதவைச் சாத்தினாள். என்னைக் காட்டினாள். "பொண்ணு கீது வூட்ல. வலிப்புன்னு வெளிய போச்சுன்னா நாளைக்கு எவன் வந்து கட்டுவான்? உன் பொட்டிமேல பழி போட்டா உனக்கு இன்னா கொறஞ்சு போச்சு?"

அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, எதற்கென்று தெரியாமலே. "சரிக்கா" என்றார்.

அதற்குப் பிறகு அவர் தெருவில் நடந்தால், "ஷாக் அண்ணன் வர்றாருடா, தொட்டுடாதீங்க" என்று பையன்கள் ஓடுவார்கள். பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொள்வார்கள். அப்பாவும் ஊர் பார்க்க வாசலில் நின்று, "மொதல்ல அந்தக் கருமத்தத் தூக்கினு போப்பா" என்று சத்தம்போட்டார். அண்ணன் ஊருக்குப் போனபோது டிவி கேமை அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டு போய்த் தன் அக்கா பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு வந்தார். தம்பி பஸ் வரைக்கும் பெட்டியைச் சுமந்துகொண்டு போனான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது ஒரு ஷாக் கதை இருக்கும். வயிற்றுவலியில் போனார், வழுக்கி விழுந்தார், பேய் அறைந்தது என்று. வெளியாருக்குச் சொன்ன கதை வெளியோடு நின்றால் பரவாயில்லை. எங்கள் வீட்டில் அது திரும்பி உள்ளே வந்துவிட்டது.

*

மாத்திரை வேலை செய்தது. மழைக்காலம் முழுக்கத் தம்பிக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் தூக்கம். வகுப்பில் தலையைக் கவிழ்த்துவிடுவான். வாத்தியார் அவனுக்குக் கும்பகர்ணன் என்று பெயர் வைத்தார். பதில் சொல்கிற வாய் அடங்கிப்போனது. தலை எண்ணக் கூப்பிட்டால் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு எண்ணாமலே பார்த்துக்கொண்டிருப்பான்.

அப்பா சொல்ல ஆரம்பித்தார். "மிஷின் போச்சு, வலிப்பும் போச்சு. பின்ன எதுக்குப் புள்ளைக்கு இந்த மாத்திரையப் போட்டு மயக்கி வச்சிக்கினு?"

முதலில் கேள்வியாகக் கேட்டார். பிறகு உறுதியாகவே சொன்னார். தெருவுக்காக அம்மா கட்டின கதைதான் அது. ஆனால் தெருவே அதைத் திருப்பித் திருப்பி எங்களிடம் சொன்னதில், எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது என்று ஆகிவிட்டது. அம்மாகூட, "அது வந்த நேரந்தான் எல்லாம்" என்று பெருமூச்சு விடுவாள். அவளே இட்டுக்கட்டியது என்பது அவளுக்கு மறந்துவிட்டதா, மறக்கப் பார்த்தாளா, எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் அப்பா அதைப் பார்த்தார். எங்கள் விளையாட்டில் அவுட் ஆகும் அதே தாடிக்காரர். ஆங்கில மருந்துக்கு அடிமையாகிவிட்டீர்களா, வலிப்புக்கு நிரந்தரத் தீர்வு, மாதம் ஒருநாள் உங்கள் ஊரில் முகாம். கீழே ஊர்ப் பெயர்களும் லாட்ஜ் பெயர்களும் பொடி எழுத்தில் இருந்தன. காஞ்சிபுரமும் இருந்தது.

"போட்டோ போட்டுக்கிறான், பேரு போட்டுக்கிறான், எடம் போட்டுக்கிறான். பொய்யின்னா இத்தினியும் போடுவானா?" என்றார் அப்பா.

அண்ணன் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "அண்ணாச்சி, பெரியாஸ்பத்திரியில ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்க."

"நீ பேசாதப்பா. உன்னாலதான் எல்லாம்" என்றார் அப்பா. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். அண்ணன் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவில்லை.

லாட்ஜில் படிக்கட்டு முழுக்க ஆட்கள். கொசுவத்தி வாசனையும் பினாயில் வாசனையும். வராந்தாவில் ஒருவர் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே கட்டிலில் பூப்போட்ட பெட்ஷீட் விரித்து, அதன்மேல் மருந்துப் பொட்டலங்களை அடுக்கியிருந்தார்கள். வைத்தியர் விளம்பரத்தில் இருந்ததைவிடக் குள்ளமாக இருந்தார். தாடி அதேதான்.

"எப்படி வந்தது?"

"டிவி கேம் ஆடி வந்ததுங்க" என்றார் அப்பா.

தெருவுக்குச் சொன்ன பொய்யை வைத்தியரிடமும் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியின் சீட்டு அம்மாவின் பையில்தான் இருந்தது. வைத்தியர் அதைக் கேட்கவும் இல்லை, அம்மா எடுக்கவும் இல்லை.

"அதான். கண்ணு வழியா சூடு ஏறி நரம்பைத் தாக்கியிருக்கு. காரணம் போயிடுச்சு, காரியமும் போயிடும். இங்கிலீஷ் மாத்திரையை இன்னைக்கே நிறுத்திடுங்க. ரெண்டும் சேரக் கூடாது." தேனில் குழைத்துக் கொடுக்கச் சொல்லிப் பொடி கொடுத்தார்.

அந்தப் பொடியில் என்ன இருந்தது என்று தெரியாது. சுக்கு வாசனை வந்தது. ஆனால் நான் சொல்லப்போவது அதைப் பற்றியில்லை. மாத்திரையை நிறுத்திய கொஞ்ச நாளில் தம்பி விழித்துக்கொண்டான்.

அதுதான் கொடுமை. தூக்கம் போய், முகத்தில் வெளிச்சம் வந்து, பழைய வாய் திரும்பிவிட்டது. வகுப்பில் வாத்தியார் கும்பகர்ணா என்று கூப்பிட்டதற்கு, "சார், அவரு எழுந்து போய்ட்டாரு, நான் வேற" என்றானாம். அப்பா அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அம்மா முருகன் கோயிலுக்கு வேண்டுதல் முடித்தாள். நானும் தம்பியும் மறுபடி தலை எண்ணினோம். தாடிக்காரர் வந்தால் இனி அவுட் இல்லை, நூறு தலைக்குச் சமம் என்று தம்பி விதியை மாற்றினான். எங்கள் வீடு அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்போ பின்போ இருந்ததில்லை.

பொங்கல் கழிந்த ஒரு காலை. அவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். தொட்டியோரம் விழுந்தான். போன முறைபோல இது நிற்கவில்லை. இழுப்பு அடங்குவதுபோல இருக்கும், கண் திறப்பதற்குள் மறுபடி பிடிக்கும். அப்பா வீட்டிலிருந்த சாவி, கத்தி, கடப்பாரை எல்லாவற்றையும் கொண்டுவந்தார். அம்மா தேனும் பொடியும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். வாய் திறக்கவில்லை. நான் மாத்திரை எங்கே, மாத்திரை எங்கே என்று கத்தினது நினைவிருக்கிறது. அது முன்பே கொல்லையில் எறியப்பட்டிருந்தது.

சத்தம் கேட்டு அண்ணன் வந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலைக்கு ஓடினார். ஷிப்ட் முடித்து வந்த கம்பெனி பஸ்ஸின் முன்னால் போய்க் குறுக்கே நின்றார். டிரைவர் திட்டிக்கொண்டே நிறுத்தி, தோளில் இருந்ததைப் பார்த்ததும் பேசாமல் கதவைத் திறந்துவிட்டார். பஸ் முழுக்க உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். அதுவரை பார்த்தேன். பிறகு தூசி.

தம்பி திரும்பி வரவில்லை.

அன்றைக்கு வந்த சனம் அம்மாவைக் கட்டிக்கொண்டு கேட்டது. அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதபடி சொன்னாள்: "அந்த டிவி கேம் ஷாக்கு எம்புள்ளைய எடுத்துக்கினு போய்டுச்சே!"

டிவி கேம் எங்கள் ஊரைவிட்டுப் போய் மாதக்கணக்கு ஆகியிருந்தது. ஒருவரும் அதைச் சொல்லவில்லை. அண்ணன் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். காரியம் முடிந்ததும் ரூமைக் காலி செய்துவிட்டுப் போனார். அப்பா வாசலில் இருந்தும் எழுந்திருக்கவில்லை.

*

என்னைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். படப்பைக்காரர்கள், நல்ல மனிதர்கள். தம்பிக்கு என்ன ஆனது என்றார்கள். அப்பா சொன்னார், கரண்ட் ஷாக் என்று. நான் தலையைக் குனிந்திருந்தேன். என் கணவர் அதை முழுசாக நம்பியவர்.

இப்போது உங்களுக்குப் புரியும், "இந்த அட்டையோட நிறுத்திடலாம்" என்று அவர் சொன்னபோது நான் ஏன் பயந்தேன் என்று. டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். "டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்க, வருஷக்கணக்கா வாங்க வைப்பாங்க" என்றார். மகளும் அவர் பக்கம். அவளுடைய புராஜெக்டுக்காக ஒரு மணி நேரம் என் போனைக் கொடுத்திருந்தேன். அவள் கேமின் நடுவில் வந்த விளம்பரத்தைக் காட்டினாள். மாத்திரையே இல்லாமல் வலிப்பு குணமாகும் என்றது. தாடி இல்லை. கோட் போட்ட இளைஞன், சிரித்த முகம்.

"இது ஏன் எனக்கு வருதுன்னு தெரியுமாம்மா? நீ வலிப்புன்னு இந்தப் போன்ல தேடியிருக்க. அதான் என் கேமுக்குள்ள வருது. இதையும் புராஜெக்ட்ல எழுதப்போறேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "ஆனா ஒருவேளை நெஜமா இருந்தா? எனக்கு எப்பப் பாரு தூக்கமா வருதும்மா."

எவ்வளவு விவரம் தெரிந்தும் அந்த ஒருவேளை அவளுக்குள் இருந்தது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். சொல்லிவிடப் போகிறேன் என்றேன். "இத்தினி வருஷம் கழிச்சியா? பைத்தியமா உனக்கு? உன் வீட்டுக்காரர் உன்ன இன்னா நெனைப்பாரு? பொண்ண நாளைக்கு எவன் கட்டுவான்?" என்றாள். தம்பியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்று கதவைச் சாத்திவிட்டுக் கேட்ட அதே கேள்வி. அன்று நான் இருந்த இடத்தில் இன்று என் மகள்.

அட்டையில் கடைசி மாத்திரை இருந்த காலை. கணவர் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மகள் பள்ளிப் பையோடு நின்றாள். அவர் அவள் தலையைத் தட்டி, "இன்னியோட இது ஓவர். இனிமே நீ ஃப்ரீ" என்றார்.

"நிறுத்தக் கூடாதுங்க" என்றேன்.

"மறுபடி ஆரம்பிக்காத. பஸ் வந்துடும்."

"என் தம்பி ஷாக்ல சாகலைங்க."

அவர் ஷூ லேஸைப் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தார். நான் நின்றால் மறுபடி சொல்ல மாட்டேன் என்று தெரிந்ததால் நிற்காமல் சொன்னேன். "அவனுக்கு வலிப்பு. இவளுக்கு வந்த மாதிரியேதான். மாத்திரை சாப்ட்டு நல்லாத்தான் இருந்தான். டிவி கேம் போச்சு, வலிப்பும் போச்சுன்னு எங்கப்பா நிறுத்திட்டாரு. அதுல போய்ட்டான். டாக்டர் கேட்டப்ப எங்கம்மா பொய் சொன்னாங்க. உங்க வீட்லயும் பொய்தான் சொன்னோம்."

"இத்தினி வருஷமாவா?"

"ஆமா."

மகள்தான் அடுத்துப் பேசினாள். "மாத்திரைய நிறுத்துனதாலயா மாமா செத்துட்டாரு?" அவள் குரலில் இப்போது அந்த ஒருவேளை இல்லை. பயம் இருந்தது. பயமே இருக்கட்டும் என்று நினைத்தேன். அப்படி நினைக்கிற அம்மா நான்.

அவர் லேஸைக் கட்டினார். பஸ்ஸுக்குப் போனார். சாயங்காலம் வந்தபோது மருந்துக் கடைப் பையை மேசைமேல் வைத்தார். அந்த வாரமே எங்களை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். என்னைப் பார்க்காமல், "அவங்க தம்பிக்கு இருந்திருக்கு சார். நிறுத்தினதுல எறந்துட்டாராம்" என்றார். என்னை அவர் அவங்க என்று சொன்னது அன்றுதான் முதல் தடவை. டாக்டர் முன்பு தட்டியதைத் திருத்தினார். தூக்கத்துக்கு வேறு மாத்திரை மாற்றிப் பார்க்கலாம், ஆனால் விடக் கூடாது என்றார்.

அம்மா இப்போது எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. என் கணவர் என்னோடு பேசுவதில்லை. உப்பு வேண்டும் என்றாலும் மகளிடம்தான் கேட்கிறார். என்றைக்குப் பேசுவார், பேசும்போது என்ன சொல்வார் என்று தெரியாது. ஆனால் ஒவ்வொரு காலையும், பஸ் ஹாரன் அடித்தாலும் சரி, டம்ளரில் தண்ணீரோடு மகள் முன்னால் நிற்கிறார். அவள் விழுங்குகிறாள். "நாக்கத் தூக்கு" என்கிறார். தூக்குகிறாள். நன்றாகக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்.